பாட்டுக்குக் காவலா, பாட்டாளிக்கு வேவா?

கவுஞ்சியில் பூண்டுக் காட்டில் கூலி வேலை செய்யும் தோழர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "என்ன தோழர், செல்லுல பாட்டு எறக்குனா போலீசுக்குத் தெரிஞ்சிருமாமே, நெசமா?"

சிக்னலுக்காக மேடு ஏறி நிற்கிற மனிதரின் கேள்வி இது. சிரித்துவிட்டுப் போக முடியாது.

தெரியும், தோழரே! போன் இணையத்தில் சேர்ந்தவுடன் கம்பெனி அதற்கு ஓர் எண் தருகிறது. எந்த நேரத்தில் எந்த எண் யாரிடம் இருந்தது என்று பதிவேடு எழுதுகிறது. அதை ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டு வைத்திருக்கும்படி 2021 டிசம்பரில் மத்திய சர்க்கார் விதியை மாற்றியது. பாட்டுக் கம்பெனிகளின் ஆட்கள், பாட்டைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டத்தில் தாமும் புகுந்து எண்களைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு, "எண்ணுக்குரிய பெயரைக் கொடு" என்பார்கள்.

அமெரிக்காவில் இப்படித்தான் 2003 முதல் 2008 வரை ஏறத்தாழ 35,000 பேர் மீது பாய்ந்தார்கள். முதலில் சிக்கியவர்களில் ஒருத்தி நியூயார்க்கைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமி! குடும்பம் 2,000 டாலர் கட்டித் தப்பியது.

சரி, எண் ஆளைக் காட்டுமா? ஒரே எண்ணைப் பல போன்களுக்கு ஒரே நேரத்தில் பங்கு போட்டுத் தருகின்றன கம்பெனிகள். 2007-ல் பெங்களூர் இளைஞர் ஒருவர் 50 நாள் சிறையில் கிடந்தார். பாட்டு வழக்கல்ல, சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படத்தை இணையத்தில் போட்டார் என்பது வழக்கு. போன் கம்பெனி கொடுத்த விவரமே தப்பு! அந்த 50 நாளை யார் திருப்பிக் கொடுப்பது?

நம் மாநிலத்தில் ஆபத்து இன்னும் பெரிது. சாராயக்காரர்களையும் ரவுடிகளையும் அடைக்க என்று 1982-ல் வந்தது குண்டர் சட்டம். 2004-ல் அதில் 'வீடியோ திருட்டை'யும் சேர்த்தார்கள். சினிமாப் பாட்டு அடங்கிய பதிவும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. விசாரணையே இல்லாமல் ஓராண்டு உள்ளே வைக்கலாம்!

2012-ல் '3' படத்துக்காகச் சென்னை ஹைகோர்ட்டில் தடை வாங்கினார்கள். பெயர் தெரியாத எதிரிக்கு 'அசோக் குமார்' என்று பெயர் சூட்டி வழக்கு! இணையக் கம்பெனிகள் பயந்து முழு முழுத் தளங்களையே மூடின. குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று கோர்ட் ஜூனில் விளக்க வேண்டியதாயிற்று. அதே படத்தின் 'கொலவெறி' பாட்டு 2011 நவம்பரில் இணையத்தில் இலவசமாய் உலகம் சுற்றித்தானே புகழ் பெற்றது!

பாட்டெழுதியவன் வயிற்றில் அடிக்காதே என்கிறார்கள். அடடா, என்ன கருணை! ஒருமுறை கூலி கொடுத்து முழு உரிமையையும் எழுதி வாங்கியவர்கள் யார்? எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று பார்லிமெண்ட் சட்டம் திருத்தியதே 2012-ல்தான்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். 2023-ல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டமோ, சர்க்கார் தன் இலாகாக்களுக்கு விலக்கு அளித்துக்கொள்ள வாசல் திறந்து வைத்திருக்கிறது. இன்று பாட்டுக்காகத் திறக்கும் கம்பெனிக் கணக்கில்தான், கூலி உயர்வு கேட்டு யார் யாருக்குப் போன் செய்தார் என்பதும் இருக்கிறது. மில் தோழர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

நீதிபதியின் உத்தரவு இல்லாமல் ஒரு பெயரைக்கூடக் கம்பெனிகள் கொடுக்கக் கூடாது. குண்டர் சட்டத்திலிருந்து பாட்டை எடு! இதைக் கிளைக் கூட்டங்களில் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புங்கள். கவுஞ்சித் தோழர்கள் முதல் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்கள்.