கார் ஆயில் குடிக்குதா? இன்ஜினைப் பிரிக்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

உத்திரமேரூரில் இருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வந்தவாசி போகும் சாலைகளில் 15, 20 வருடப் பழைய கார்கள் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கடைசி பஸ் போன பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓட, பல வீடுகளில் இருக்கும் ஒரே வண்டி அதுதான். அந்த கார் நீலப்புகை விட்டு, மாசாமாசம் ஒரு லிட்டர் ஆயில் கேட்க ஆரம்பித்தால்? "இன்ஜின் வேலை வந்துடுச்சு" என்ற பதில்தான் முதலில் வரும். எல்லா நேரமும் அது சரியான பதில் இல்லை.

இப்போ ஏன் இந்தக் கேள்வி?

20 வருடம் தாண்டிய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 10,000 ரூபாயாக உயர்த்தியது. ஜிஎஸ்டி தனி. 2022 ஏப்ரலுக்கு முன்பு பழைய காருக்கு இதே வேலைக்கு 600 ரூபாய்தான்! புகைச் சான்று இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம் வேறு. ஆக, புகை விடும் காருக்குச் செலவு பண்ணுவதா, விற்பதா என்ற முடிவு இப்போது ரொம்பவே காஸ்ட்லி.

ஆயில் எங்கே போகுது?

ஒன்று ஒழுகணும், இல்லை எரியணும். ராத்திரி காருக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு வைத்தால், ஒழுகல் காலையில் தெரிந்துவிடும்.

அட்டை சுத்தமாக இருந்தால் புகையைக் கவனிக்கணும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலமாகப் புகைந்து பிறகு நின்றால், வால்வு சீல் மேல் சந்தேகம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் புகைந்தால் பிஸ்டன் ரிங். டர்போ டீசல் வண்டி என்றால் டர்போ சீலையும் பார்க்கணும். எல்லாவற்றுக்கும் முன்னால் பிசிவி வால்வு. இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் சின்னப் பொருள் அது. அடைத்துக்கொண்டாலும் ஆயில் குறையும். அதை மாற்ற இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை.

(எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் மேல் பழி போடுபவர்களும் உண்டு. மைலேஜ் குறைவது வேறு, ஆயில் குறைவது வேறு.)

உத்திரமேரூர் பக்கம் இன்னொரு வில்லன் இருக்கிறது: கல்குவாரி, கிரஷர் தூசி. ஏர் ஃபில்டர் கிழிந்திருந்தாலோ, சரியாக உட்காராமல் இருந்தாலோ, அந்தத் தூசி உப்புத்தாள் மாதிரி ரிங்கையும் சிலிண்டரையும் தேய்த்துவிடும். டவுனில் ஓடும் காருக்குச் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது, ஃபில்டரை சீக்கிரமே மாற்றணும்.

எவ்வளவு குறைந்தால் பிரச்சினை?

சமதளத்தில் நிறுத்தி, டிப் ஸ்டிக்கின் மேல் கோடு வரை ஆயில் ஊற்றி, 1,000 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். அந்த தூரத்துக்கு ஒரு லிட்டர் வரை சகஜம் என்று சொல்லும் கம்பெனிகளும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் 2007-09 கேம்ரி கார்களில் இதே புகார் வந்தபோது, சுமார் 1,900 கி.மீ.க்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான அளவைத்தான் டொயோட்டா எல்லையாக வைத்தது. அதைத் தாண்டிய கார்களுக்கு பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றிக் கொடுத்தது.

மெக்கானிக்கிடம் என்ன கேட்கணும்?

கம்ப்ரஷன் டெஸ்ட். அளவு குறைவாக வந்த சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஏறாவிட்டால் வால்வு பக்கம் பார்க்கணும். வால்வு சீலை மட்டும் மாற்ற பல கார்களில் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. ரிங் என்றால்தான் பெரிய வேலை. அப்போதும் சிலிண்டரை லேத்தில் கொடுத்து அளக்காமல் புது ரிங்கை மட்டும் போட்டால், கொஞ்ச நாளில் பழைய புகை திரும்பி வரும்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் புகை அடங்கும், நோய் போகாது. கூடவே ஒரு ஆபத்து: டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு பெரும்பாலான பழைய கார்களில் ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தம் விழுந்ததைத்தான் காட்டும். அது எரியும்போது பேரிங் தேய ஆரம்பித்திருக்கும். அதன் பிறகும் "வீடு வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டினால், ரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய செலவு முழு இன்ஜினுக்கும் போய்விடும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் காலையில், இன்ஜின் சூடாவதற்கு முன்பே போய், முதல் ஸ்டார்ட்டைப் பின்னால் நின்று பாருங்கள். விற்பவர் ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தால், ஆற விட்டு மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.