நாற்பதாயிரம் இருக்கையும் ஒரு தகரக் கூரையும்

நிபோங் திபாலுக்கு அருகே, பத்து காவானில், 40,000 பேர் அமரத்தக்க விளையாட்டரங்கம் ஒன்று நிற்கிறது. 2000ஆம் ஆண்டு சுக்மா போட்டிகளுக்கென எழுப்பப்பெற்றது. பெருநிலத்து மக்களுக்கு இனித் தீவுக்குச் செல்லும் தொல்லை இல்லை. வாசலுக்கே அரங்கம் வந்துவிட்டது. இன்னும் என்ன குறை என்று கேட்பார் உளர்.

1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்படும் முன், தென் செபராங் பிறையின் காற்பந்து அன்பர் பட்டர்வொர்த் சென்று, பெரி ஏறியே ஜார்ஜ் டவுன் நகர அரங்கை அடைய வேண்டும். அடைந்தனர். அங்கே எழுந்த ஆரவாரத்திற்குக் 'கெராமாட் முழக்கம்' என்றே பெயர் நிலைத்தது. 1974இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற பினாங்கு அணி அம்முழக்கத்தில் வளர்ந்த அணியாகும். பத்து காவான் அரங்கம் வந்த பின்னரும் மாநில அணி பல்லாண்டு பழைய அரங்கையே நாடியது. இதில் வியப்பில்லை. 10,000 பேர் வந்தாலும் நான்கில் மூன்று பங்கு இருக்கை காலியாய்க் கிடக்கும் இடத்தில் எந்த முழக்கம் எழும்?

பத்து காவானும் முன்னர்த் தோட்டமே என்பதை மறத்தலாகாது. கோயிலும் பள்ளியும் கள்ளுக்கடையும் இருந்த தோட்டங்களில் ஒரு திடலும் இருந்தது. மேடை கிடையாது; மரநிழலே மேடை. அந்நிழலில் இடம்பிடிக்க நடந்த சண்டைகள் ஆட்டத்தினும் சுவையானவை! ஆனால் நிலம் தோட்டத்தாருடையது. அது கைமாறியபோது திடலும் உடன் போயிற்று. ஆடிப் பழக இடமிழந்த இளைஞனுக்கு, பிறர் ஆடக் காண 40,000 இருக்கை எதற்கு?

பேரரங்கம் வேண்டாம் என்பதன்று வாதம். சிறு குழுவுக்கு வேண்டியது சிறிது: இருநூறு பேர் அமரும் ஐந்தாறு படிகள், மாலை மழைக்கு ஒரு தகரக் கூரை, ஒரு தண்ணீர்க் குழாய். மேடை மேற்கே முதுகு காட்டி நிற்கவேண்டும். இன்றேல் ஐந்து மணி வெயில் காண்போர் கண்ணைக் குத்தும். அப்படிகளில் தாயும் பாட்டனும் ஆசிரியரும் வந்தமர்ந்தால், ஆடுபவன் வாய் தவறி வசை பேசவும் கூசுவான்.

படி கட்டும் முன் நிலம் உறுதிப்பட வேண்டும். எஞ்சியுள்ள திடல்கள் எவர் பெயரில் உள்ளன? அவற்றை விளையாட்டுக்கென ஒதுக்குமாறு பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுள் எத்தனை மாவட்ட நில அலுவலகத்திற்கு எழுதியுள்ளன?