ராக் கோஷ்டிகளுக்கும் ஒரு சுப்புடு வேண்டும்

நம் பெங்களூரில் ஒரு ராக் கோஷ்டி புதிதாக இசைத்தொகுப்பு வெளியிட்டால், அதற்கு வரப்போகும் மதிப்புரையைப் படிக்காமலேயே ஒப்பித்துவிடலாம். "துடிப்பான இளைஞர்கள்", "துணிச்சலான முயற்சி", "கிழக்கும் மேற்கும் கைகோத்த இசை", "கிதாரில் விரல்கள் மின்னலாய்ப் பாய்கின்றன" என்ற நாலு வாக்கியங்களை முன்பின்னாக மாற்றிப் போட்டால் தீர்ந்தது. கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர் மாப்பிள்ளை பெயரையும் முகூர்த்த நேரத்தையும் மட்டும் மாற்றிக்கொள்வது போல, இங்கே கோஷ்டியின் பெயரும் ஆண்டும்தான் மாறுகின்றன.

இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இரக்கம்தான் காரணம். சினிமாவின் ஆதரவு இல்லாமல், கைக்காசைப் போட்டு, கல்லூரி விழாக்களிலும் ஓட்டல்களிலும் வாசித்துச் சேர்த்த பணத்தில் பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் இவர்கள். ரகு தீட்சித்துக்குப் பல ஆண்டுகள் எந்தக் கம்பெனியும் கைகொடுக்கவில்லை. இந்திப் பட இசையமைப்பாளர்களான விஷால்-சேகர் இருவரும் முன்வந்த பிறகே அவருடைய முதல் தொகுப்பு 2008-ல் வெளிவந்தது. டில்லியின் 'இந்தியன் ஓஷன்' கோஷ்டியோ 2010-ல் தங்கள் தொகுப்பை மாதம் ஒரு பாட்டாக இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது. இந்த நிலையில் 'மூன்றாவது பாட்டு சரியில்லை' என்று எழுத விமர்சகருக்குக் கை வருவதில்லை. பாவம், பையன்கள் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் 'பாவம்' என்று சொல்லப்படுவதற்காக யாரும் பாட வருவதில்லையே!

தமிழனுக்கு இந்த இரக்க விமர்சனம் பழக்கமில்லாத ஒன்று. 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' எழுதிய கல்கி, பெரிய வித்வான்களைக்கூடக் கிண்டல் செய்யத் தயங்கியதில்லை. அவருக்குப் பின் வந்த சுப்புடு, டில்லியில் மத்திய சர்க்கார் உத்தியோகம் பார்த்துக்கொண்டே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். (சர்க்கார் சம்பளக்காரன் என்ற முறையில் இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.) 2007-ல் காலமாகும் வரை அவருடைய பேனாவுக்குப் பயப்படாத பாடகர் குறைவு. அவர் சொன்னதெல்லாம் நியாயம் என்று நான் வாதிட வரவில்லை. சில இடங்களில் வரம்பு மீறியும் எழுதினார். ஆனாலும் அவர் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டார் என்பது வாசகனுக்குத் தெரிந்தது. எந்த ராகத்தில் எந்த இடத்தில் வழுக்கியது என்று சொல்பவரை வித்வானும் மதித்தே ஆக வேண்டியிருந்தது.

ராக் இசைக்கு அப்படி எழுத இடமே இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. அலகாபாத்திலிருந்து அமித் சைகல் 1993-ல் தொடங்கிய 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' வட கோடி முதல் தென் கோடி வரை உள்ள கோஷ்டிகளை ஒன்றையொன்று அறியச் செய்தது. 2008-ல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் இந்தியப் பதிப்பும் வந்தது. இவை செய்த நன்மையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் யோசிக்கும் விமர்சகருக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. பாட்டு கன்னடத்திலோ தெலுங்கிலோ இருந்தால், அவர் வாத்தியத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுதுகிறார். சொல் அவர் காதில் விழுவதே இல்லை.

ரகு தீட்சித்தின் முதல் தொகுப்பையே எடுத்துக்கொள்வோம். அதில் சிசுநாள ஷரீபரின் பாடல்கள் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் வட கர்நாடகத்தில் வாழ்ந்த இந்த முஸ்லிம் ஞானி, கோவிந்த பட்டர் என்ற பிராமணரைக் குருவாகக் கொண்டவர். வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பாடுவது போல மனிதனின் அறியாமையைப் பாடியவர். நமக்குக் குணங்குடி மஸ்தான் சாகிபு எப்படியோ, கன்னடியர்களுக்கு ஷரீபர் அப்படி. சி. அஸ்வத் மெல்லிசையில் பாடிக் கன்னட வீடுகள்தோறும் பரப்பிய அந்தப் பாட்டை ரகு கிதாரோடும் டிரம்ஸோடும் பாடியிருக்கிறார். அஸ்வத்தின் குரலில் இருந்த ஒரு நடுக்கம், ஒரு கிழவன் தன் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது போன்ற அந்தத் தொனி, ரகுவின் பாட்டில் இல்லை. அதற்குப் பதில் கூத்தாடும் உற்சாகம் இருக்கிறது. அந்த உற்சாகம் ஷரீபருக்குப் பொருந்துகிறதா? சித்தர் பாட்டில் கேலியும் பாதி என்பதால் பொருந்துகிறது என்பதே என் கட்சி. பொருந்தவில்லை என்பாரும் உண்டு. சண்டை போட வேண்டிய இடம் இதுதான். "நாட்டுப்புற மணம் கமழ்கிறது" என்று எழுதிவிட்டால் இரண்டு பேருக்கும் வேலை இல்லாமல் போய்விடுகிறது.

இதைவிட நமக்கு நெருக்கமான ஒரு சங்கதி இருக்கிறது. 'ஸ்வராத்மா' என்ற பெங்களூர் கோஷ்டியின் முதல் தொகுப்பு 2009-ல் வெளியானது. அதில் 'ப்யாசி' என்று ஓர் இந்திப் பாட்டு. தாகத்தால் தவிப்பவள் என்று பொருள். தவிப்பவள் யார் தெரியுமா? காவிரி! தண்ணீருக்காக நடக்கும் சண்டையை நதியின் பக்கத்திலிருந்து பார்க்கிற பாட்டு அது. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இந்த ஊரில் தமிழர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த இரண்டு கலவரங்களுக்கும் நடுவில், இதே ஊரில் இருக்கும் இளைஞர்கள் காவிரிக்காக யார் பக்கமும் சேராமல் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார்கள். இது எத்தனை தமிழர்களின் காதுக்கு எட்டியது? அந்தக் கோஷ்டியின் மேடை உடுப்பைப் பற்றியும், பிடிலைப் பற்றியும், துள்ளலைப் பற்றியும் நான் படித்திருக்கிறேன். நதியைப் பற்றி எழுதியதை என் கண்ணால் காண முடியவில்லை. தமிழ்ப் பத்திரிகைகளோ சினிமாப் பாட்டு வெளியீட்டு விழாவுக்கு அரைப் பக்கம் ஒதுக்கிவிட்டு இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பாட்டு எப்படி என்று கேட்டால், இசையில் எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. துக்கத்தை இன்னும் கொஞ்ச நேரம் தங்க விட்டிருக்கலாம் என்று பட்டது. ஆனாலும் கேட்க வேண்டிய பாட்டு.

'அகம்' கோஷ்டியின் கதை வேறு. பெயரே நம் சங்கச் சொல். தியாகய்யரின் கீர்த்தனைகளை டிரம்ஸோடும் மின்கிதாரோடும் பாடுகிறார்கள். இவர்களைப் பற்றி இரண்டே விதமான அபிப்பிராயங்கள்தான் காதில் விழுகின்றன. சாமராஜபேட்டையில் ராமநவமிக் கச்சேரி கேட்கும் பெரியவர்கள் "சம்பிரதாயம் கெட்டது" என்பார்கள். 2011-ல் அரண்மனை மைதானத்தில் மெட்டாலிகாவைக் கேட்ட பையன்கள் "பிரமாதம்" என்பார்கள். இரண்டும் பாட்டைக் கேட்காமலே சொல்லக்கூடிய அபிப்பிராயங்கள்.

கேட்டுவிட்டுச் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம். 2012-ல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பில் 'பண்டுரீதி கோலு' இருக்கிறது. ராமனிடம் காவல் சேவகன் உத்தியோகம் கேட்கும் கீர்த்தனை அது. கேட்பவன் பக்தன் என்றாலும், கேட்பது கவசமும் வாளும் உள்ள வேலை. அங்கே டிரம்ஸ் அணிவகுப்பு நடை போடுவது வெகு பொருத்தம். ஹம்ஸநாதம் அதைத் தாங்குகிறது. 2017-ல் வந்த இரண்டாவது தொகுப்பில் நளினகாந்தியில் 'மனவ்யாலகிஞ்சராததே' பாடியிருக்கிறார்கள். அது தன் மனத்தைப் பார்த்துக் கெஞ்சுகிற பாட்டு. பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் நல்ல சாரீரம் உள்ளவர், கெஞ்சவும் தெரிந்தவர். ஆனால் பின்னால் எழும் முழக்கம் அவரைக் கெஞ்ச விடவில்லை என்பது என் அபிப்பிராயம். ஒரே கோஷ்டி, ஒரே முறை. ஓரிடத்தில் கைகூடியது, மற்றோரிடத்தில் நழுவியது. இதைச் சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்வார்களா? அடுத்த தடவை நிச்சயம் யோசிப்பார்கள்.

இங்கிலீஷில் பாடுகிறவர்களுக்கும் இதே கதிதான். 1996-ல் தொடங்கிய 'தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்', 2012-ல் ஆட்டோ ரிக்ஷாவை வைத்து மூன்று தட்டுகள் கொண்ட தொகுப்பு ஒன்று போட்டது. ஆட்டோக்காரரோடு மீட்டர் சண்டை போடாதவர் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? நல்ல கரு. ஆனால் மூன்று தட்டு அதிகம். ஒன்றரைத் தட்டிலேயே சவாரி முடிந்துவிட்டது.

சென்னையிலும் நிலைமை ஒன்றும் உயர்ந்ததில்லை. பா. இரஞ்சித்தும் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியபோது கானாவும் பறையும் கிதாரும் ஒன்றாக ஒலித்தன. அதன் அரசியலை ஆதரித்தும் எதிர்த்தும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் கானாப் பாடகரின் இழுவைக்குக் கிதார் வழிவிட்டதா, மறித்ததா என்று எழுத ஆள் அதிகம் இல்லை. இசையில் தேறிவிட்டார்களா இல்லையா என்று யாரும் பரீட்சை வைக்காமல் கைதட்டுவதும் ஒருவகை அலட்சியம்தான்.

எட்டு அங்குல இடத்தில் என்ன எழுத முடியும் என்று பத்திரிகை நண்பர்கள் கேட்பார்கள். 'கிழக்கும் மேற்கும்' என்ற சமாசாரத்தை வெட்டினால் மூன்று அங்குலம் மிஞ்சும். அதில் ஒரு நல்ல பாட்டையும் ஒரு சொத்தைப் பாட்டையும் பெயர் சொல்லிக் குறிக்கலாம். பாட்டின் பொருள் விளங்கவில்லை என்றால், சிவாஜிநகரிலோ ஸ்ரீராம்புரத்திலோ நாலு பாஷை பேசாத தெரு கிடையாது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டால் காப்பி கொடுத்து அர்த்தமும் சொல்வார்கள்.