இ.வி. கார் ரெடி... உங்க அபார்ட்மென்ட் ரெடியா?

எலெக்ட்ரிக் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது விலை, அடுத்தது ரேஞ்ச். ஆனால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் பழைய அபார்ட்மென்ட்களில் இருப்பவர்களுக்குச் சிக்கலே பார்க்கிங்கில்தான். இ.பி. மீட்டர் ஒரு மூலையில், கார் இன்னொரு மூலையில். நடுவில் ஒயர் இழுக்க அசோசியேஷன் 'ஓகே' சொல்லணும்.

ஏன் தயங்குகிறார்கள்?

வீட்டு மின் இணைப்பிலேயே இ.வி.யைச் சார்ஜ் செய்யலாம் என்றது மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2022 ஜனவரி வழிகாட்டுதல். ஆனாலும் அசோசியேஷன்களுக்கு இரண்டு பயம்: தீப்பிடிக்குமோ, பொது மீட்டரில் பில் ஏறுமோ? இரண்டும் நியாயமானவை. இரண்டுக்கும் வழியும் உண்டு.

லைன், கார் உரிமையாளரின் சொந்த மீட்டரிலிருந்தே வரட்டும். தனி எம்.சி.பி., சரியான எர்த்திங், லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் கட்டாயம். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் 30 யூனிட் பேட்டரி நிரம்ப சுமார் 10 மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டால் காலையில் ரெடி. 7 கிலோவாட் வால் சார்ஜர் என்றால் நேரம் பாதியாகும், ஆனால் வீட்டின் மின் லோடு தாங்குமா என்று பார்க்கணும். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. சார்ஜரைத் தரையை ஒட்டி மாட்டவே கூடாது.

பில் எவ்வளவு ஏறும்?

ஒரு யூனிட்டுக்கு 6-7 கி.மீ. ஓடும் கார், மாதம் 1,000 கி.மீ. ஓடினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 300 யூனிட். இங்கேதான் கவனம் தேவை. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், 101-வது யூனிட்டிலிருந்தே கட்டண விகிதம் மாறிவிடும். அப்படியும் பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் லாபம்தான்.

வெளியூர் போனால்?

ஈ.சி.ஆரில் புதுச்சேரி சுமார் 150 கி.மீ. சிறிய பேட்டரி காரே ஒரே சார்ஜில் போய்ச் சேரும்; திரும்பி வர அங்கே சார்ஜ் போடணும். திருச்சிக்கு 330 கி.மீ.; விழுப்புரம் பக்கம் ஃபாஸ்ட் சார்ஜரில் ஒரு பிரேக் எடுக்கலாம். 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜிங் வேகம் குறையும், அதனால் ஃபுல்லாகும்வரை காத்திருக்க வேண்டாம். தீபாவளி, பொங்கல் நேரத்தில் கியூ இருக்கலாம். மாற்று சார்ஜர் ஒன்றையும் ஆப்பில் பார்த்து வைப்பது நல்லது.

நெடுஞ்சாலைப் பயணம் வருடத்தில் சில நாள்தான். தினசரி சார்ஜ் வீட்டில்தான். அனுமதி மறுத்தால் இ.வி. வராமல் போகாது, ஜன்னல் வழியே எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்கும். அதுதான் நிஜமான ஆபத்து. அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் பேச வேண்டியது அனுமதிக்கலாமா என்பதல்ல, எந்த விதிகளோடு அனுமதிக்கலாம் என்பதே.