டிஸ்சார்ஜ் ஆன தாத்தா ஏன் பத்தே நாள்ல திரும்ப அட்மிட் ஆகுறார்?

திசையன்விளைப் பக்கம் ஒரு வீட்டைக் கற்பனை பண்ணிக்கோங்க. இதயச் செயலிழப்புன்னு பாளையங்கோட்டை 'ஹைகிரவுண்ட்' ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்த தாத்தா வீட்டுக்கு வந்துட்டார். "வாய்க்கு ருசியா சாப்பிட்டு எத்தனை நாளாச்சு"ன்னு ஆச்சி கருவாட்டுக் குழம்பு வைக்கிறாங்க. உவரி பக்கத்துல இருக்கும்போது கருவாட்டுக்கா பஞ்சம்? மூணாவது நாள் கால் வீங்குது. எட்டாவது ராத்திரி, படுத்தா மூச்சு முட்டுது. 108-ஐக் கூப்பிடுறீங்க.

ஆச்சியைத் திட்டுறதுக்கு முன்னாடி டிஸ்சார்ஜ் சம்மரியைப் பிரிச்சுப் பாருங்க. 'லோ சால்ட் டயட்'னு ஆங்கிலத்துல ஒரே ஒரு வரி இருக்கும். கருவாடு, அப்பளம், ஊறுகாய் எல்லாமே உப்புதான்னு யாரும் எழுதியிருக்க மாட்டாங்க. உப்பு கூடினால் உடம்பில் தண்ணீர் தேங்கும். பலவீனமான இதயத்தால் அதைச் சமாளிக்க முடியாது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். குழம்புக்கும் 108-க்கும் நடுவுல நடக்கிற கதை இவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதைக் காசு விஷயமாக்கினார்கள். டிஸ்சார்ஜ் ஆன 30 நாள்களுக்குள் நோயாளிகள் அளவுக்கு மீறித் திரும்பி வந்தால், மருத்துவமனைக்குத் தரும் மெடிகேர் பணத்தில் பிடித்தம். 2012 அக்டோபரில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 3 சதவிகிதம் வரை கை வைப்பார்கள். தண்டனையைவிட எனக்குப் பிடிச்சது எரிக் கோல்மன் என்ற மருத்துவரின் வழி. நர்ஸ் ஒருவர் நோயாளியை வார்டிலேயே சந்திப்பார், பிறகு வீட்டுக்கும் போவார், போனிலும் விசாரிப்பார். மாத்திரைகளைச் சரிபார்ப்பது, ஆபத்து அறிகுறிகளைச் சொல்லித் தருவது, அடுத்த செக்கப்புக்குத் தயார்படுத்துவதுதான் அவர் வேலை. 2006-ல் வெளியான அவரது ஆய்வில், 30 நாள்களுக்குள் திரும்ப அட்மிட் ஆனவர்கள் 100-க்குச் சுமார் 12 பேரிலிருந்து 8 பேராகக் குறைந்தார்கள். பெரிய மெஷின் எதுவும் வாங்கலை!

நம்மகிட்ட அதுக்கான ஆளே இல்லையா? இருக்காங்க. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, பிபி மாத்திரைகளோடு வீட்டு வாசலுக்கே வர்றாங்க. பாளையங்கோட்டையில் ஒருவர் டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே, அவர் ஊர்த் தன்னார்வலருக்கு ஒரு தகவல் போய், முதல் வாரத்துக்குள் அவர் வாசலுக்கு வந்தால் எப்படி இருக்கும்? ஒன்றரை மணி நேரம் பஸ்ல போகணுமேன்னு செக்கப்பைத் தள்ளிப்போடுற தாத்தாவுக்கு அதுதான் உண்மையான மருத்துவமனை.

அது நடக்கிற வரைக்கும் வேலை உங்க தலையில்தான். பில் கட்டுற அவசரத்துல கிளம்பிடாதீங்க. "சிஸ்டர், இதுல எந்த மாத்திரை புதுசு, பழசுல எதை நிறுத்தணும்?"னு கேட்டு, அவங்க அனுமதிச்சா பதிலை போன்ல ரெக்கார்டு பண்ணுங்க. ஒரே மருந்து ரெண்டு கம்பெனிப் பேர்ல வீட்டுல கிடக்கும், தாத்தா ரெண்டையும் முழுங்குவார். பழைய அட்டைகளையும் போட்டோ எடுத்துக் காட்டிடுங்க. அப்புறம் ஆச்சிகிட்ட, "நர்ஸ் என்ன சொன்னாங்க, நீங்க சொல்லுங்க பாப்போம்"னு கேளுங்க. அவங்க தடுமாறுற இடத்தைத்தான் திரும்பச் சொல்லணும்.

ஒரு எடை மெஷின் வாங்கிடுங்க. தினமும் காலையில, சாப்பிடுறதுக்கு முன்னாடி தாத்தாவை ஏத்தி நம்பரைக் காலண்டர்ல குறிங்க. மூணு நாள்ல 2 கிலோ ஏறினா, மூச்சு வாங்குற வரை காத்திருக்காம அன்னிக்கே டாக்டரைப் பாருங்க.