தேங்காய்ப்பால் கிரீம் ஏன் நிற்கவில்லை?

தேங்காய்ப்பட்டணத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். 40 சென்ட் தோப்பு, 28 தென்னை. மகள் இங்கிலாந்தில் செவிலியர். விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் ‘ஸ்கோன்’ வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். மைதா, வெண்ணெய், பேக்கிங் பவுடர், பால் சேர்த்துச் சுடும் சின்ன ரொட்டி அது. இரண்டாகப் பிளந்து, ஜாமும் கிரீமும் வைத்துத் தேநீரோடு தின்பது அந்த நாட்டு வழக்கம். ரொட்டி நன்றாக வந்திருக்கிறது. கிரீமுக்குத் தேங்காயின் தலைப்பாலை எடுத்து அடித்திருக்கிறார். அடிக்கும்போது பொங்கி வந்தது. மேசைக்குப் போவதற்குள் ஓடிவிட்டது. ஆனாலும் ருசி பார்த்த பக்கத்து பேக்கரிக்காரர், கெட்டியாக நிற்கும்படி செய்து பாட்டிலில் அடைத்துத் தந்தால் வாரம் 5 லிட்டர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

கிரீம் ஏன் நிற்கவில்லை, சீக்கிரமாகச் செய்ய வழி உண்டா, பாட்டிலில் அடைத்து விற்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். தேங்காயை வியாபாரி சொன்ன விலைக்கே போட்டுப் பழகிய வீட்டுக்கு மூன்றாவது கேள்விதான் பெரிது. ஆனால் முதல் கேள்விக்கு விடை தெரியாமல் அதற்குள் போக முடியாது.

கிரீம் ஓடியதற்கு அவருடைய கைப்பக்குவம் காரணமல்ல, வெப்பம்தான் காரணம். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மார்கழிக் குளிரில் பாட்டிலில் வெள்ளையாக உறைந்து நிற்கும் எண்ணெய், வெயில் ஏறியதும் இளகுவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பார்கள். கிரீமை அடிக்கும்போது அதற்குள் காற்றுக் குமிழிகள் நுழைகின்றன. அவற்றைச் சுற்றிச் சுவர்போல நின்று தாங்குவது உறைந்த கொழுப்புத் துகள்கள். பகலில் 30 டிகிரியைத் தாண்டும் கடற்கரை ஊரில் அந்தச் சுவர் உருகிவிடுகிறது, காற்று வெளியேறுகிறது, மிஞ்சுவது பால்தான். பசும்பால் கொழுப்பு முழுவதும் உருக ஏறக்குறைய 35 டிகிரி வேண்டும் என்பதால், பால் கிரீம் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்.

பேக்கரி கேக்கின் மேல் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கிறதே என்று கேட்கலாம். கேக்கில் பூசும் மலிவான கிரீம் பெரும்பாலும் பாலிலிருந்து வருவதல்ல. தேங்காய் எண்ணெய்க்கு மிக நெருங்கிய உறவான பனைக்கொட்டை எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டிப்படுத்தி, குழம்பை நிலைநிறுத்தும் பொருள்களையும் சேர்த்துச் செய்வது. ஆலையில் அதன் உருகுநிலையையே உயர்த்திவிடுகிறார்கள். வீட்டுத் தேங்காய்ப்பாலை அதோடு போட்டிக்கு நிறுத்துவது நியாயமல்ல.

அடுத்தது காய். ஒரே தோப்பின் காய் எல்லாம் ஒரே மாதிரி பால் தராது. 11, 12 மாதம் முற்றிய காயின் பருப்பில்தான் கொழுப்பு நிறைந்திருக்கும். மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இளங்காயில் நீர்தான் அதிகம். முளைகட்டி உள்ளே பூ வைத்த காயில், அந்தப் பூ பருப்பின் எண்ணெயைத் தின்று வளர்ந்திருக்கும். நீர் வற்றிக் கொப்பரையாகத் தொடங்கிய காயில் சிக்கு வாடை வரும். இந்த மூன்றுமே கிரீமுக்கு ஆகாது. சாவக்காடு ஆரஞ்சு போன்ற குட்டை ரகங்கள் இளநீருக்கு உகந்தவை, பாலுக்கு நெட்டைதான். புவிசார் குறியீடு பெற்ற ஈத்தாமொழி நெட்டை இதே மாவட்டத்துச் சொத்து. பருமனான காய், தடித்த பருப்பு.

வேர் வாடல் நோய் தாக்கிய மரத்துக் காயின் பருப்பு மெலிந்தும் துவண்டும் இருக்கும், எண்ணெயும் குறையும். தன் தோப்பில் சில மரங்களுக்கு மட்டை தொங்கி ஓலை மஞ்சளிப்பதாக வாசகி கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார். கிரீமை விட அந்த வரிதான் கவலைக்குரியது. வட்டார வேளாண்மை அலுவலகத்தில் சொல்லி மரங்களை நேரில் பார்க்கச் செய்ய வேண்டும். அதுவரை அந்த மரத்துக் காய்களைத் தனியாக வைத்துக் குழம்புக்குப் பயன்படுத்தலாம்.

இனிச் செய்முறை. நல்ல காய் இரண்டை உடைத்து, ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் வராமல் வெள்ளையை மட்டும் துருவ வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் 100 மில்லி வெந்நீர் தெளித்து, ஐந்து நிமிடம் பிசைந்து, வெந்நீரில் அலசிய வெள்ளைத் துணியில் பிழிய வேண்டும். காயின் பருமனைப் பொறுத்து 300 மில்லி அளவுக்குத் தலைப்பால் கிடைக்கும். இரண்டாம் பாலை இதில் கலக்கக் கூடாது. அது இடியாப்பத்துக்கான சொதிக்குப் போகட்டும்.

பாலை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, கொதிநீர் உள்ள இன்னொரு பாத்திரத்துக்குள் இறக்கி, கிண்டிக்கொண்டே சூடாக்க வேண்டும். ஓரத்தில் ஆவி பறந்து, விரல் வைக்க முடியாத சூடு வந்ததும் ஐந்து நிமிடம் அப்படியே வைத்து இறக்கிவிடலாம். கொதிக்க விட்டால் பாலிலுள்ள புரதம் திரிந்து குருணை குருணையாகிவிடும். இந்தச் சூட்டை வேண்டாத வேலை என்று சிலர் விட்டுவிடுவார்கள். கையும் துணியும் பட்ட பாலில் கிருமி இல்லாமல் இராது. சர்க்கரை சேர்த்துக் குழந்தைகளுக்குப் பச்சையாகக் கொடுக்கப்போகும் பண்டத்துக்கு இந்த ஐந்து நிமிடத்தை விடவே கூடாது.

பிறகு பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்துச் சீக்கிரம் ஆறவிட்டு, மூடி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுதும் விட வேண்டும். மேலே உள்ள உறைபெட்டியில் வைத்தால் கொழுப்பும் நீரும் பிரிந்து, அடிக்கும்போது மணல்போல நெருடும். காலையில் பார்த்தால் மேலே ஆடை கட்டி நிற்கும், கீழே சாம்பல் நிற நீர் தங்கியிருக்கும். மேலே நிற்பதை மட்டும் கரண்டியால் வழித்தெடுக்க வேண்டும். இரண்டு காய்க்கு 150 மில்லி வரும்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்காரர்கள் ஸ்கோனுக்குச் செய்யும் கட்டிக் கிரீமும் இதே வழிதான். பால் ஏட்டை அகலத் தட்டில் மெல்லச் சூடாக்கி, நெடுநேரம் ஆறவிட்டு, மேலே படிந்ததை வழித்தெடுப்பார்கள். அதில் 55 விழுக்காட்டுக்குக் குறையாமல் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. அதை அவர்கள் அடிப்பதே இல்லை. எனவே பேரப்பிள்ளைகள் அங்கே தின்றது பொங்கிய கிரீமாக இல்லாமல், அந்தக் கட்டி ஆடையாகவே இருந்திருக்கலாம். தேங்காய் ஆடையையும் அடிக்காமல், பொடித்த சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை சேர்த்துக் குழைத்து வைத்தாலே அருமையாக இருக்கும். பொங்கித்தான் வர வேண்டும் என்றால், கிண்ணத்தையும் அடிக்கும் கம்பியையும் குளிரவைத்து, மூன்று நான்கு நிமிடம் அடிக்கலாம். அதற்கு மேல் அடித்தால் எண்ணெய் பிரியும். ரொட்டி முழுதும் ஆறிய பிறகு, முதலில் ஜாம், அதன்மேல் கிரீம், உடனே வாய்க்குள். ஜாமுக்குப் பதில் வீட்டுச் சக்கை வரட்டியைத் தடவினால் கார்ன்வால்காரர்களே பொறாமைப்படுவார்கள்.

சீக்கிரமாகச் செய்ய வழி கேட்டிருக்கிறார். குளிர்பெட்டியும் வேண்டாம், கரண்ட் போனாலும் கவலை இல்லை என்ற வழி ஒன்று உண்டு. ஒரு தம்ளர் தலைப்பாலில் கால் பங்கை எடுத்து, ஒரு மேசைக்கரண்டி சோள மாவை அதில் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். மீதிப் பாலில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும் சிட்டிகை உப்பும் போட்டுச் சிறு தீயில் வைத்து, சூடேறியதும் கரைசலை ஊற்றிக் கைவிடாமல் கிண்ட வேண்டும். ஐந்தாறு நிமிடத்தில் கரண்டியின் முதுகில் ஒட்டும் பதம் வரும். ஏலக்காய்ப் பொடி தூவி இறக்கி, ஆறியதும் ஒரு முறை நன்றாக அடித்தால் பளபளவென்று தடவ வரும். இங்கே தாங்குவது கொழுப்பு அல்ல, வெந்த மாவு. ஆகவே 30 டிகிரியிலும் ஓடாது. சோள மாவு இல்லையென்றால் நைசாக அரைத்துச் சலித்த பச்சரிசி மாவு போதும், இன்னும் இரண்டு நிமிடம் கூடுதலாக வேக வேண்டும். முந்திரிப்பருப்பு 50 கிராமை வெந்நீரில் ஊறவைத்து, சூடாக்கி ஆறவைத்த தலைப்பால் சிறிது ஊற்றி வெண்ணெய்போல அரைத்து எடுப்பது இன்னொரு வழி. ருசியில் அதுதான் மேல், செலவிலும் அதுதான் மேல்.

விற்பனைக்கு வருவோம். பாட்டிலில் அடைத்து மூடி, கடை அலமாரியில் வைக்கும்படி கொடுப்பது கூடவே கூடாது. தேங்காய்ப்பாலில் ஊறுகாய்போலப் புளிப்போ ஜாம்போல மிகுந்த சர்க்கரையோ இல்லை. இப்படிப்பட்ட உணவைச் சூடாக அடைத்துக் காற்றில்லாமல் மூடினால், மற்றக் கிருமிகள் செத்தாலும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் சாகாது. கொதிநீருக்கும் அவை அஞ்சுவதில்லை. காற்றில்லாத இடத்தில் முளைத்து நஞ்சைக் கக்கும். நாற்றமோ நிறமாற்றமோ இல்லாமலும் இருக்கக்கூடும். மூச்சை நிறுத்திவிடும் நஞ்சு அது. கடையில் டப்பாவில் வரும் தேங்காய்ப்பாலை ஆலையில் அழுத்தத்தில் 121 டிகிரி வரை சூடேற்றி, நேரம் கணக்கிட்டுப் பதப்படுத்துகிறார்கள். வீட்டுக் குக்கரில் இத்தனை விசில் என்று ஊகித்துச் செய்யும் வேலையல்ல.

ஆனால் அன்றன்று செய்து, மூடியுள்ள சுத்தமான எவர்சில்வர் பாத்திரத்தில் கொடுத்து, அன்றே தீர்ப்பது செய்யக்கூடியதுதான். அதற்கும் மாவு சேர்த்துக் காய்ச்சிய வகையே ஏற்றது. வெளியில் நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. குளிர்பெட்டியில் இரண்டு நாள். மிஞ்சியதை மறுநாள் புதியதோடு கலக்கவே கூடாது. விற்பனைக்கு இறங்கும் முன் சிறு உற்பத்தியாளருக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவைச் செய்துகொள்ள வேண்டும். பயிற்சிக்குத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். பாலைப் பதப்படுத்திப் பையிலும் டப்பாவிலும் அடைக்கும் பெரிய முயற்சி என்றால், ஒரு வீடாக அல்லாமல் உழவர் குழுவாகச் சேர்ந்து, ஆலுவாய் அருகே தெற்கு வாழக்குளத்தில் தென்னை வளர்ச்சி வாரியம் நடத்தும் தொழில்நுட்ப நிறுவனத்தில் விசாரிப்பது சரி.

பேக்கரிக்காரரின் 5 லிட்டர் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட வேண்டும். ஒரு காய்க்கு 150 மில்லி தலைப்பால் என்றால், காய்ச்சிய வகைக்கு வாரம் 33 காய். குளிரவைத்து வழித்த ஆடை என்றால், அடித்தபின் உப்புவதைச் சேர்த்துப் பார்த்தாலும் 50 காய்க்குக் குறையாது. வாசகியின் 28 மரத்தில், மரத்துக்கு ஆண்டுக்கு 80 காய் என்று தாராளமாக வைத்தாலும் 2,240, வாரத்துக்கு 43. நோய் மரங்களைக் கழித்தால் இன்னும் குறையும். வீட்டுக் குழம்புக்கும் கறிக்கும் காய் வேண்டாமா? வெட்டும் 45 நாளுக்கு ஒரு முறைதான்; உரிக்காத காயை நிழலில் அடுக்கி வைத்து எடுக்க வேண்டியிருக்கும். ஆக, ஆடை வகைக்குத் தோப்பு போதாது. காய்ச்சிய வகைக்கும் தோப்பு முழுதும் அதற்கே போய்விடும். வாரம் 2 லிட்டர் என்று பேசித் தொடங்குவது நல்லது.

விலை பேசும்போது ‘தோப்புத் தேங்காய்தானே’ என்று காயைக் கணக்கில் விட்டுவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. அன்றைய தினம் அந்தக் காயை வியாபாரிக்குப் போட்டால் என்ன கிடைக்குமோ அதுதான் காயின் விலை. அதன்மேல் சர்க்கரை, மாவு, கேஸ், உரித்துத் துருவிப் பிழியும் ஒன்றரை மணி நேரக் கூலி எல்லாம் ஏற வேண்டும். காய் விலை ஏறும்போது கிரீம் விலையும் ஏறும் என்று பேக்கரிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரே விலை என்று ஒத்துக்கொண்டால் நட்டம் தோப்புக்காரருக்குத்தான்.

ஆடையை வழித்தபின் கீழே நிற்கும் நீரைக் கொட்டிவிட வேண்டாம். அன்றே ஆப்ப மாவு கரைக்கலாம், ரசத்திலும் ஊற்றலாம். பிழிந்து மிஞ்சிய துருவலை மிளகாய் வற்றலோடு வறுத்துப் பொடித்தால் சம்மந்திப் பொடி. அதற்கும் நேரமில்லை என்றால் கோழிக்குப் போடலாம், புளிப்பதற்கு முன்.