வாயிலில் வைத்த விலை

ஒரு பூங்காவை அழிப்பதற்குக் கோடரி வேண்டுவதில்லை. வாயிலில் ஒரு சீட்டு மேசை போதும். இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் சாலையோரக் குன்றில் இன்றும் நிற்கும் ஹாவ் பார் வில்லாவைக் கண்டாலே போதும்.

டைகர் பாம் தைலத்தால் பெருஞ்செல்வம் ஈட்டிய ஆவ் பூன் ஹாவ், தம் இளவல் பூன் பாருக்காக 1937இல் அங்கு ஒரு மாளிகையை எழுப்பினார். போரில் மாளிகை சிதைந்தது; இளவலும் 1944இல் இரங்கூனில் மறைந்தார். அண்ணன் மாளிகையை இடித்தாரே ஒழியத் தோட்டத்தைக் கைவிடவில்லை. 1954இல் தாம் இறக்கும்வரை சிமெண்டுச் சிலைகளை மேலும் மேலும் நிறுவி வந்தார். ஊரார் உள்ளே வரக் காசு கேட்டதில்லை.

தைலத்துக்கு விளம்பரம் தேடவே அவர் அவ்வாறு செய்தார் என்பர். இருக்கட்டுமே! அந்த விளம்பரத்தின் நிழலில் ஏழையும் இளைப்பாறினான் அன்றோ? சீனப் புத்தாண்டில் குடும்பம் குடும்பமாய் மக்கள் திரண்டனர். நரகத்தின் பத்து மன்றங்களைக் காட்டிப் பெற்றோர் பிள்ளைகளுக்கு அறம் உரைத்தனர். அங்கே நீதி வழங்கும் யான்லுவோ நமக்கு அயலான் அல்லன். நம் இயமனே பௌத்தத்தோடு சீனம் சென்று அப்பெயர் பூண்டான். ஆகவே, எம்மொழி பேசுவோர்க்கும் பாடம் சொல்லும் பள்ளியாக அத்தோட்டம் விளங்கியது.

1985இல் தோட்டம் அரசின் பொறுப்புக்கு வந்தது. ஏறத்தாழ 80 மில்லியன் வெள்ளி செலவில் அது 1990இல் 'டிராகன் வோர்ல்டு' என்னும் கேளிக்கைப் பூங்காவாயிற்று. நீர்ச்சவாரியும் இயந்திர விந்தைகளும் வந்தன. பத்து மன்றங்களும் டிராகன் ஒன்றின் வயிற்றுக்குள் புகுந்தன. பெரியவர் ஒருவர்க்குக் கட்டணம் 16 வெள்ளி! கணவனும் மனைவியும் உள்ளே நுழையவே 32 வெள்ளி வேண்டுமெனில், தொழிலாளி குடும்பம் எங்ஙனம் செல்லும்?

கூட்டம் தேய்ந்தது, நட்டம் வளர்ந்தது. 2001இல் கட்டணம் நீக்கப்பட்டது. ஆயினும் பழைய கூட்டம் திரும்பவில்லை. தந்தையின் கைபிடித்து அங்குச் செல்லாத பிள்ளைகள் ஒரு தலைமுறையாய் வளர்ந்துவிட்டனர். அறுந்த பழக்கத்தை அறிவிப்புப் பலகையால் ஒட்டிவிட முடியுமோ?

காலம் மாறிற்று, மக்கள் சுவை மாறிற்று என்று சிலர் காரணம் காட்டுவர். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால், சுவை மாறியதற்கு மருந்தாகக் கொண்டுவந்த இயந்திரங்கள்தாம் முதலில் பழசாயின. சிமெண்டுச் சிலைகளோ நின்றன. பராமரிக்கப் பணம் வேண்டாவா என்றும் கேட்பர். வேண்டும். ஆனால், சிலைக்குச் சாயம் பூசும் செலவும் இயந்திரம் ஓட்டும் செலவும் ஒன்றாகா. நூலகத்துக்கும் பொதுப்பூங்காவுக்கும் வாயிலில் வசூலிக்காத சமுதாயம், அறம் சொன்ன தோட்டத்திடம் மட்டும் இலாபம் எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

பட்ட பாடு போதாதென்று, 2021இல் பத்து மன்றங்களும் கட்டண அருங்காட்சியகம் ஒன்றனுள் வைக்கப்பட்டன. தோட்டம் இலவசம், அதன் இதயத்துக்கோ விலை! சீனப் புத்தாண்டு நாட்களிலேனும் அம்மன்றங்கள் அனைவர்க்கும் கட்டணமின்றித் திறக்கப்பட வேண்டும். விலையில்லாதது மதிப்பில்லாதது என்று கருதியோர் ஒருமுறை அத்தோட்டத்தை மக்களிடமிருந்து பிரித்துவிட்டனர். அதே பிழையை மறுமுறையும் செய்வதற்கு அறியாமை என்று பெயர் சூட்டித் தப்ப முடியாது.